ரிஃப்ளெக்ஷன் கொண்டு ஆப்ஜெக்டின் மதிப்புகளை மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மாலை நேரத்தில் நான் நடத்தும் ஜாவா வகுப்புக்கு அம்பாசமுத்திரத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் மாணவர்கள் பேருந்து ஏறி வருகிறார்கள். ரிஃப்ளெக்ஷன் பாடம் தொடங்கியதும் அவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் தரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். மெத்தட் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியுள்ளேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில், இடைவெளியின்றி எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டு எல்லாவற்றுக்கும் ஒரே கிளாஸ், அதாவது ஆப்ஜெக்டுகளை வார்க்கும் ஒரே அச்சு, போதும். அதன் பெயர் "அணை". அதில் பெயர், முழுமட்டம், நீர்மட்டம், கொள்ளளவு என்று நான்கு ஃபீல்டுகள், அதாவது மதிப்பை வைக்கும் இடங்கள், உண்டு; நான்கும் பிரைவேட், அதாவது கிளாஸுக்கு வெளியிலிருந்து தொடக் கூடாதவை. முழுமட்டம் ஃபைனலும்கூட, அதாவது ஒருமுறை இட்ட மதிப்பை மாற்றக் கூடாதது. "நீர்மட்டத்தை மாற்று" என்னும் பப்ளிக் மெத்தட் (யாரும் அழைக்கக்கூடிய செயல்பாடு), வந்த எண் சுழிக்குக் கீழோ முழுமட்டத்துக்கு மேலோ இருந்தால் ஏற்க மறுக்கும். முழுமட்டத்தை நெருங்கினால் எச்சரிக்கைப் பட்டியலில் அணையைச் சேர்க்கும். பாபநாசம் அணைக்கு முழுமட்டம் 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி, சேர்வலாறுக்கு 156 அடி என்பது நம் பக்கத்தில் நாளிதழ் வாசிப்பவர்களுக்கெல்லாம் தெரிந்ததே.

ரிஃப்ளெக்ஷன் என்பது என்ன? சாதாரணமாக மதிப்பை மாற்றுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சாதாரண நிரலில், எந்த ஃபீல்டை மாற்றப் போகிறோம் என்பது நிரலை எழுதும்போதே முடிவாகிவிடுகிறது. அந்தப் பெயர் உண்டா, அதைத் தொட நமக்கு உரிமை உண்டா, வகை பொருந்துகிறதா என்ற மூன்றையும் நிரலை ஓட்டுவதற்கு முன் மொழிமாற்றும் கம்பைலர் முன்கூட்டியே சரிபார்க்கிறது. ரிஃப்ளெக்ஷனில் ஃபீல்டின் பெயர் ஒரு சரமாக, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது வருகிறது. அது ஒரு கோப்பிலிருந்து வரலாம், தரவுத்தளத்தின் நெடுவரிசைத் தலைப்பிலிருந்து வரலாம். ஆகவே அந்த மூன்று சோதனைகளும் ஓடும் நேரத்துக்குத் தள்ளிப் போகின்றன. கம்பைலர் சிவப்புக் கோடிட்டுக் காட்டியிருக்க வேண்டிய பிழை, பயன்படுத்துபவரின் திரையில் எக்ஸெப்ஷனாக, அதாவது நிரலை நிறுத்தும் பிழை அறிவிப்பாக, வந்து நிற்கிறது.

ஒரு நிரல் தன் அமைப்பையே தரவாகக் கண்டு, அதை மாற்றவும் செய்யலாம் என்ற எண்ணத்தை முறைப்படி வளர்த்தவர் பிரையன் கான்ட்வெல் ஸ்மித். எம்ஐடியில் 1982இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், 3-லிஸ்ப் என்ற மொழியைக் கொண்டு அவர் இதை விளக்கினார். ஜாவாவுக்கு ரிஃப்ளெக்ஷன் 1997இல், 1.1 பதிப்போடு வந்தது.

பிரைவேட் ஃபீல்டு ஒன்றின் மதிப்பை மாற்றுவது எப்படி?

முதலில் ஆப்ஜெக்டிடம் "கெட் கிளாஸ்" என்று கேட்டு அதன் கிளாஸைப் பெற வேண்டும். அந்தக் கிளாஸிடம் "கெட் டிக்ளேர்டு ஃபீல்டு" என்ற மெத்தட் வழியாக "நீர்மட்டம்" என்ற பெயரைக் கொடுத்தால், அந்த ஃபீல்டைக் குறிக்கும் ஃபீல்டு ஆப்ஜெக்ட் கிடைக்கும். அப்படி ஒரு பெயர் இல்லையென்றால் "நோ சச் ஃபீல்டு" எக்ஸெப்ஷன் எழும். பின்னர் அந்த ஃபீல்டு ஆப்ஜெக்டின்மேல் "செட் ஆக்சஸிபிள்" மெத்தடை ட்ரூ என்ற மதிப்போடு அழைத்து, கடைசியாக "செட்" மெத்தடுக்கு எந்த அணை, என்ன மதிப்பு என்ற இரண்டையும் தர வேண்டும். ஆப்ஜெக்டுக்கு அல்லாமல் கிளாஸுக்கே உரிய ஸ்டேட்டிக் ஃபீல்டாக இருந்தால், அணையின் இடத்தில், எதுவுமில்லை என்று பொருள்படும் நல் என்று கொடுக்கலாம்.

இங்கே எல்லோருக்கும் வரும் குழப்பம், "கெட் ஃபீல்டு", "கெட் டிக்ளேர்டு ஃபீல்டு" என்னும் இரண்டைப் பற்றியது. முதலாவது பப்ளிக் ஃபீல்டுகளை மட்டும் தரும், ஆனால் மேலிருக்கும் கிளாஸ்களிலிருந்து வந்தவற்றையும் சேர்த்துத் தரும். இரண்டாவது பிரைவேட் உட்பட எல்லாவற்றையும் தரும், ஆனால் அந்த ஒரு கிளாஸில் எழுதப்பட்டவற்றை மட்டுமே தரும். "பாசன அணை" என்று ஒரு கிளாஸை அணையிலிருந்து நீட்டித்துவிட்டு, அதனிடம் நீர்மட்டத்தைக் கேட்டால் கிடைக்காது. "கெட் சூப்பர்கிளாஸ்" வழியாகப் படிப்படியாக மேலேறி, ஒவ்வொரு கிளாஸிலும் தேட வேண்டும். ஒரே பெயரில் பெற்றோர் கிளாஸிலும் பிள்ளைக் கிளாஸிலும் தனித்தனி ஃபீல்டுகள் இருக்கக்கூடும் என்பதால், எதை மாற்றுகிறோம் என்று தெரிந்துதான் மாற்ற வேண்டும்.

"செட் ஆக்சஸிபிள்" ஒருமுறை அழைத்தால் அந்த ஃபீல்டு எல்லோருக்கும் திறந்துவிடுமா?

திறக்காது. அணை கிளாஸில் எதுவும் மாறுவதில்லை; நம் கையில் இருக்கும் ஃபீல்டு ஆப்ஜெக்டில் ஒரு குறி மட்டுமே மாறுகிறது. "கெட் டிக்ளேர்டு ஃபீல்டு" ஒவ்வொரு முறையும் புதிய நகல் ஒன்றையே தருவதால், அடுத்த முறை கேட்டு வாங்கும் நகலில் அந்தக் குறி இருக்காது.

பிரைவேட் என்று எழுதியதற்குப் பொருள் இல்லாமல் போகிறதே? பின் எதற்கு அந்தச் சொல்?

வகுப்பில் இந்தக் கேள்வி வரும் நாளில் நான் வேறு பாடம் எடுப்பதில்லை. மற்றக் கேள்விகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பிரைவேட் என்பது பூட்டு என்று நினைத்தால், ரிஃப்ளெக்ஷன் கள்ளச்சாவியாகத் தோன்றும். உண்மையில் அது ஒரு பொறுப்பு ஏற்பு. அணை கிளாஸை எழுதியவர், "நீர்மட்டம் ஒருபோதும் முழுமட்டத்தைத் தாண்டாது, நெருங்கினால் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இருக்கும்" என்று அந்தக் கிளாஸைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கைக் காப்பது "நீர்மட்டத்தை மாற்று" என்ற மெத்தட். நீர்மட்டம் வேறு வழியாக மாறாது என்பதால்தான் அவரால் அப்படி வாக்குக் கொடுக்க முடிகிறது. ரிஃப்ளெக்ஷன் வழியாகப் பாபநாசத்தின் நீர்மட்டத்தை 150 என்று எழுதினால் ஜாவா தடுக்காது. ஏனென்றால் ஜாவாவுக்கு அது ஒரு தசம எண், அவ்வளவே. 143 என்ற எல்லை மெத்தடுக்குள் இருந்தது. நாம் மெத்தடுக்குள் போகவே இல்லை. நம் ஊர்க் குளத்தில் மடையைத் திறந்தாலும் தண்ணீர் வயலுக்கு வரும், கரையை வெட்டினாலும் வரும். மடையைத் திறந்தவருக்கு எவ்வளவு போகிறது, எப்போது அடைக்க வேண்டும் என்று தெரியும். கரையை வெட்டியவர் அந்தக் கணக்குகளையெல்லாம் தாமே பார்த்துக்கொண்டாக வேண்டும்.

எல்லையை மீறுவதைவிட அடிக்கடி நேர்வது, மெத்தட் செய்யும் பக்கவேலைகள் நடக்காமல் போவது. கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரி ஒருவருக்கு நான் பில் மென்பொருள் எழுதிக் கொடுத்தபோது இதை நேரில் கற்றேன். பில் கிளாஸில் எண்ணிக்கையை மாற்றும் மெத்தட், மொத்தத் தொகையையும் உடனே திருத்திக் கணக்கிடும். பழைய பில்களைக் கோப்பிலிருந்து ஏற்றுவதற்கு, நெடுவரிசைத் தலைப்பையே ஃபீல்டு பெயராகக் கொண்டு ரிஃப்ளெக்ஷனில் ஒரு சிறு நிரல் எழுதினேன். எண்ணிக்கை, விலை எல்லாம் சரியாக ஏறின; எக்ஸெப்ஷன் எதுவும் வரவில்லை; மொத்தம் மட்டும் எல்லா பில்லிலும் சுழியாகவே நின்றது. மூன்று நாள் கழித்துக் கணக்குப்பிள்ளை பேரேட்டோடு ஒத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு மதிப்பும் தனித்தனியே சரியாக இருந்தும் ஆப்ஜெக்ட் முழுவதும் தவறாக இருக்க முடியும் என்பதை அந்த மூன்று நாள் எனக்குக் காட்டியது.

ஆகவே, மாற்றுவதற்குப் பப்ளிக் மெத்தட் இருக்குமானால், ரிஃப்ளெக்ஷன் வழியாகவும் அந்த மெத்தடையே அழையுங்கள். பெயரைச் சரமாகக் கொடுத்து மெத்தடைப் பெறுவதற்கு "கெட் மெத்தட்", அதை இயக்குவதற்கு "இன்வோக்" என்று இரண்டும் இருக்கின்றன. பெயர் ஓடும் நேரத்தில் வர வேண்டும் என்ற தேவையும் நிறைவேறும், கிளாஸின் வாக்கும் காக்கப்படும். பலர் ரிஃப்ளெக்ஷன் என்றாலே ஃபீல்டைத் தொடுவது என்று எண்ணிவிடுவதால் இந்த வழியை மறந்துவிடுகிறார்கள்.

ஃபீல்டு என்கிறீர்கள், பிராப்பர்டி என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

ஜாவாவில் ஒன்றல்ல. ஃபீல்டு என்பது மதிப்பு இருக்கும் இடம். பிராப்பர்டி என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் பண்பு. ஜாவாபீன்ஸ் என்னும் பெயரிடும் வழக்கப்படி அது "கெட்", "செட்" என்று தொடங்கும் மெத்தட் இணையால் அறியப்படுகிறது. உள்ளே அந்தப் பெயரில் ஃபீல்டு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. "இன்ட்ரோஸ்பெக்டர்" என்ற கிளாஸ் இந்த இணைகளைத் தேடித் தரும். அதன் வழியாக மாற்றினால் செட்டர், அதாவது அந்த "செட்" மெத்தட், ஓடும்.

இந்த வேறுபாடு, நாம் அன்றாடம் பயன்படுத்தும் நூலகங்களில் விளைவைக் காட்டுகிறது. தரவுத்தள வரிசைகளை ஆப்ஜெக்டுகளாக்கும் ஹைபர்னேட்டில் "ஐடி" என்ற குறிப்பை ஃபீல்டின்மேல் எழுதினால், அது தரவுத்தளத்திலிருந்து வரும் மதிப்புகளை நேரடியாக ஃபீல்டுகளில் இடும். அதே குறிப்பைக் கெட்டரின்மேல் எழுதினால் செட்டரை அழைக்கும். ஒரு வரியை இரண்டு வரி கீழே நகர்த்தியதால் செட்டரில் இருந்த சோதனைகள் ஓடத் தொடங்கிப் பழைய தரவுகள் ஏறாமல் நின்ற நிலையை மாணவர்கள் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஜேசன் கோப்புகளைப் படிக்கும் நூலகங்களில் ஜாக்சன், செட்டர் இருந்தால் இயல்பாக அதையே நாடும். கூகுள் வெளியிட்ட ஜிசான் ஃபீல்டுகளையே தொடும். கிளாஸில் அளவுருவற்ற கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் பகுதி) இல்லையென்றால், ஜிசான் கன்ஸ்ட்ரக்டரை ஓட்டாமலேயே ஆப்ஜெக்டை உருவாக்கிவிடும். அப்போது ஃபீல்டுகளுக்கு நாம் எழுதிய தொடக்க மதிப்புகள்கூட இடம்பெறா. "வெற்றுப் பட்டியல் என்று எழுதியிருந்தேனே, எப்படி நல் வந்தது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

ஃபைனல் ஃபீல்டை மாற்ற முடியுமா? மாற்றினேன், ஆனால் பழைய மதிப்பே அச்சாகிறது, ஏன்?

ஆப்ஜெக்டுக்கு உரிய, அதாவது ஸ்டேட்டிக் அல்லாத ஃபைனல் ஃபீல்டை, "செட் ஆக்சஸிபிள்" அழைத்த பின் மாற்றுவதற்கு ஜாவா நீண்ட காலமாக இடம் கொடுத்து வந்திருக்கிறது. கோப்பிலிருந்து ஆப்ஜெக்டை மீட்டெழுப்பும் நூலகங்களுக்கு இது தேவைப்பட்டது என்பதே காரணம். ஸ்டேட்டிக் ஃபைனல் ஃபீல்டை இவ்வழியில் மாற்ற முடியாது. 2021இல் வந்த ஜாவா 16இல் நிலைபெற்ற மதிப்புகளை மாறாமல் வைத்திருப்பதற்கான ரெக்கார்டு வகை கிளாஸ்களின் ஃபீல்டுகளையும் மாற்ற முடியாது. முன்பு சிலர் ஃபீல்டு ஆப்ஜெக்டின் உள்ளேயே புகுந்து ஃபைனல் என்ற குறியை அழித்துவிட்டு ஸ்டேட்டிக் ஃபைனலையும் மாற்றி வந்தார்கள். அந்த வழி ஜாவா 12இல் அடைபட்டது. பழைய விடைகளில் இன்னும் அதைக் காணலாம்; இப்போது வேலை செய்யாது.

பழைய மதிப்பு அச்சாவதற்குக் காரணம் கம்பைலர். முழுமட்டத்தை அறிவிக்கும் வரியிலேயே 143.0 என்று எழுதியிருந்தால், அது மாறவே மாறாத நிலையான எண் என்று கம்பைலர் கொண்டு, அந்தக் கிளாஸில் முழுமட்டம் என்று வரும் இடங்களிலெல்லாம் நேராக 143.0 என்ற எண்ணையே பதித்துவிடும். ரிஃப்ளெக்ஷன் ஃபீல்டில் இருக்கும் மதிப்பை 118 என்று மாற்றியிருக்கும். ரிஃப்ளெக்ஷன் வழியாகப் படித்தால் 118தான் வரும். ஆனால் அச்சிடும் மெத்தட் ஃபீல்டைப் பார்ப்பதே இல்லை. கன்ஸ்ட்ரக்டரில் அளவுருவாக வாங்கி முழுமட்டத்தில் இட்டிருந்தால் இந்தச் சிக்கல் எழாது. ஒரே ஃபீல்டுக்கு, படிக்கும் வழியைப் பொறுத்து இரண்டு விடைகள் கிடைக்கும் இந்த நிலை பிழை தேடுபவரை மிகவும் அலைக்கழிக்கும். ஃபைனலை மாற்ற வேண்டிய தேவை வந்தால், அந்தக் கிளாஸின் வடிவமைப்பைத் திருத்த முடியுமா என்று முதலில் பாருங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

தவறான வகை மதிப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்?

நீர்மட்டத்துக்குச் சரத்தைக் கொடுத்தால் "இல்லீகல் ஆர்க்யுமென்ட்" எக்ஸெப்ஷன் எழும். முழு எண்ணைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் எண்ணை ஆப்ஜெக்டாகச் சுற்றி வைக்கும் "இன்டிஜர்" உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் எண்ணை "டபுள்" ஆக விரித்துக்கொள்ள ஜாவாவுக்குத் தெரியும். ஆனால் ஃபீல்டின் வகை சிற்றெழுத்து "லாங்" ஆக இருந்தால் ஏற்கப்படும் அதே "இன்டிஜர்", ஃபீல்டின் வகை பேரெழுத்தில் தொடங்கும் "லாங்" கிளாஸாக இருந்தால் ஏற்கப்படாது. கோப்பிலிருந்து படித்த எண்கள் சில கிளாஸ்களில் ஏறியும் சிலவற்றில் ஏறாமலும் போவதற்கு இதைச் சரிபாருங்கள்.

பட்டியலுக்குள் என்ன வகை வரும் என்று குறிக்கும் ஜெனரிக்ஸ் சேர்ந்தால் ஆபத்து ஆழமாகிறது. எண்களின் பட்டியல் என்று அறிவித்த ஃபீல்டில், சரங்களின் பட்டியலை ரிஃப்ளெக்ஷன் தடையின்றி இட்டுவிடும். பட்டியலுக்குள் என்ன வகை என்ற செய்தி ஓடும் நேரத்தில் சோதிக்கப்படுவதில்லை. பட்டியலிலிருந்து ஓர் எண்ணை எடுக்க முயலும் வேறொரு இடத்தில், வேறொரு நாளில் "கிளாஸ் காஸ்ட்" எக்ஸெப்ஷன் எழும். பிழை செய்த வரி அந்த எக்ஸெப்ஷனின் தடத்தில் இருக்கவே இருக்காது.

ஜாவா 8இல் ஓடிய நிரல் ஜாவா 17இல் "இன்ஆக்சஸிபிள் ஆப்ஜெக்ட்" எக்ஸெப்ஷன் தருகிறது. என்ன செய்வது?

2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9, தன் சொந்தக் கிளாஸ்களை மாட்யூல்கள் என்னும் தனித் தொகுதிகளாகப் பிரித்தது. அதுவரை "செட் ஆக்சஸிபிள்" எதையும் திறக்கும் என்றிருந்த நிலை, "அந்த மாட்யூல் திறக்க ஒப்புக்கொண்டால் மட்டும்" என்று மாறியது. உடனே அமலாக்கினால் பழைய நிரல்கள் நின்றுவிடும் என்பதால், எச்சரிக்கை மட்டும் அச்சிட்டுச் சில ஆண்டுகள் பொறுத்தார்கள். 2021 மார்ச்சில் ஜாவா 16 மறுப்பதையே இயல்பாக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஜாவா 17, பழைய இணக்கத்தை மீட்கும் விருப்பத்தையும் நீக்கிவிட்டது. நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் அந்த எச்சரிக்கை வரிகள் நாள்தோறும் பதிவேட்டில் விழுந்தன, யாரும் வாசிக்கவில்லை. ஜாவா 17க்கு மாறிய அன்று காலை சேவை எழவே இல்லை.

எக்ஸெப்ஷனின் செய்தியை முழுவதும் வாசியுங்கள். எந்த மாட்யூல், எந்த பேக்கேஜைத் திறக்கவில்லை என்பது அதிலேயே இருக்கும். உங்கள் நிரல் ஜாவாவின் சொந்தக் கிளாஸ்களுக்குள் புகுவதில்லை என்றால், பெரும்பாலும் நீங்கள் சேர்த்திருக்கும் பழைய நூலகம் ஒன்று புகுகிறது. அதன் புதிய பதிப்புக்கு மாறுவதே சரியான தீர்வு. அதுவரை, நிரலைத் தொடங்கும் கட்டளையில் "ஆட் ஓப்பன்ஸ்" என்ற விருப்பத்தோடு குறிப்பிட்ட பேக்கேஜை மட்டும் திறந்து விடலாம். நீங்களே மாட்யூல்களாக எழுதுபவரானால், "எக்ஸ்போர்ட்ஸ்" என்பது பப்ளிக் பகுதிகளை மட்டும் பிறர் பயன்படுத்த விடுவது, "ஓப்பன்ஸ்" என்பது ரிஃப்ளெக்ஷனுக்கு உட்புறத்தையும் திறந்து விடுவது என்ற வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த அணை கிளாஸ் மாட்யூல் ஏதுமின்றிக் கிளாஸ்பாத்தில் சாதாரணமாக இருந்தால், மேலே சொன்ன வழிமுறை ஜாவா 17இலும் அப்படியே வேலை செய்யும்.

எண் 42ஐயே வேறு எண்ணாக மாற்றிக் காட்டும் நிரல் ஒன்றைப் பார்த்தேன். அது எப்படி நடக்கிறது?

ஜாவா −128 முதல் 127 வரையிலான "இன்டிஜர்" ஆப்ஜெக்டுகளை ஒருமுறை மட்டும் உருவாக்கி வைத்துக்கொண்டு, உறையிட வேண்டிய இடங்களிலெல்லாம் அவற்றையே பகிர்கிறது. 42 என்ற அந்த ஒற்றை ஆப்ஜெக்டின் உள்ளிருக்கும் ஃபீல்டை 43 என்று எழுதிவிட்டால், அந்த நிரலில் 42ஐ உறையிடும் ஒவ்வொரு இடத்திலும் 43 வெளிப்படும். ஜாவா 16 முதல் மாட்யூல் தடை இதை இயல்பாகவே மறுக்கிறது. ஆனாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது: ரிஃப்ளெக்ஷனால் நீங்கள் மாற்றும் ஆப்ஜெக்ட் உங்களுக்கு மட்டும் உரியதா, பலரும் பகிர்வதா என்று தெரியாமல் மாற்றக் கூடாது.

வலைப் படிவத்திலிருந்து வரும் பெயர்களை அப்படியே ஃபீல்டு பெயர்களாகக் கொண்டு ஆப்ஜெக்டை நிரப்பலாமா? நிரல் மிகவும் சுருங்கிவிடுகிறதே?

நிரல் சுருங்கும் என்பது உண்மை. ஆனால் எந்த ஃபீல்டை மாற்றலாம் என்ற முடிவை முகம் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். படிவத்தில் பெயர், ஊர் என்ற இரண்டு கட்டங்களை மட்டும் நீங்கள் காட்டியிருக்கலாம். அனுப்புபவர் "நிர்வாகி" என்ற மூன்றாவது பெயரையும் ட்ரூ என்ற மதிப்பையும் சேர்த்து அனுப்புவதை எதுவும் தடுக்காது. 2012 மார்ச்சில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இதே வகையான ஓட்டை வெளிப்பட்டது. ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்ட அந்தத் தளத்தில், படிவத்தில் இல்லாத ஒரு பெயரைச் சேர்த்து அனுப்பி, தமக்கு உரிமையில்லாத கணக்கில் ஒருவர் தம் நுழைவுச் சாவியைப் பதிந்து காட்டினார்.

ஜாவா உலகில் இதைவிட நுட்பமான ஒன்று 2022 மார்ச்சில் நிகழ்ந்தது. ஸ்பிரிங்4ஷெல் என்று பெயர் பெற்றது. வலைச் செயலிகள் எழுதப் பயன்படும் ஸ்பிரிங் என்னும் ஜாவா நூலகம், படிவத்தின் பெயர்களைப் புள்ளி வைத்துத் தொடர்ந்து, ஒரு ஆப்ஜெக்டின் பிராப்பர்டிக்குள் இருக்கும் பிராப்பர்டியையும் நிரப்ப வல்லது. எல்லா ஜாவா ஆப்ஜெக்டுக்கும் "கெட் கிளாஸ்" உண்டு என்பதால், "கிளாஸ்" என்பதும் ஒரு பிராப்பர்டியாகவே தெரியும். அதிலிருந்து, கிளாஸ்களை ஏற்றும் கிளாஸ்லோடருக்குப் போகும் பாதை ஆபத்தானது என்று 2010லேயே கண்டு அந்த ஒரு பெயரை அடைத்திருந்தார்கள். பின்னர் ஜாவா 9 வந்து, கிளாஸுக்கு "கெட் மாட்யூல்" என்ற புதிய மெத்தடைச் சேர்த்தது. மாட்யூல் வழியாகச் சுற்றிக்கொண்டு அதே கிளாஸ்லோடரை அடையும் புதிய பாதை இப்படித் திறந்தது. டாம்கேட் என்னும் வலைச் சர்வரின் பதிவேட்டு அமைப்பை மாற்றி, சர்வரில் தம் நிரலை எழுதும் அளவுக்குத் தாக்குவோரால் போக முடிந்தது. தடுக்கப்பட்ட பெயர்களின் பட்டியலை நம்பியதே இங்கே குறை. மொழி வளர வளர அந்தப் பட்டியலில் இல்லாத பெயர்கள் பிறந்துகொண்டே இருக்கும். அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் இல்லாத எதையும் தொடாதீர்கள். படிவத்துக்கென்றே, அந்த இரண்டு ஃபீல்டுகள் மட்டும் கொண்ட தனிக் கிளாஸ் ஒன்றை எழுதுவது இன்னும் நல்லது.

ரிஃப்ளெக்ஷன் நிரலை மெதுவாக்கும் என்கிறார்களே?

பெயரைக் கொண்டு ஃபீல்டைத் தேடுவதுதான் செலவு மிக்க பகுதி. பத்தாயிரம் அணைகளின் மதிப்பை ஏற்றும் சுழலுக்குள் ஒவ்வொரு முறையும் "கெட் டிக்ளேர்டு ஃபீல்டு" அழைக்காமல், சுழலுக்கு வெளியே ஒருமுறை பெற்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான நிரல்களுக்கு அதுவே போதும். அதற்கு மேலும் வேகம் வேண்டுமானால், ஜாவா 9இல் வந்த "வார்ஹேண்டில்" பயன்படும். ஒரே நேரத்தில் ஓடும் பல திரெட்கள் ஒரே ஃபீல்டைத் தொடும்போது எந்த வரிசையில் மாற்றம் தெரிய வேண்டும் என்பதையும் அதில் குறிப்பிடலாம்.

பைத்தான், சி ஷார்ப், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றிலும் இதே நிலைதானா?

அடிப்படை ஒன்று, பழக்கங்கள் வேறு. பைத்தானில் "செட்ஆட்டர்" என்ற ஃபங்ஷன், அந்தப் பெயரில் பிராப்பர்டி இருந்தால் அதன் செட்டரையே அழைக்கிறது. ஆகவே அங்கே வாக்கு எளிதில் மீறப்படுவதில்லை. ஆனால் பெயர் இல்லையென்றால் பிழை சொல்லாமல் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடுகிறது. இரண்டு அடிக்கோடுகளோடு தொடங்கும் பெயர்களை, கிளாஸின் உள்ளே பைத்தான் கிளாஸ் பெயரைச் சேர்த்து மாற்றி எழுதிக்கொள்வதால், வெளியிலிருந்து அதே பெயரில் "செட்ஆட்டர்" செய்பவர் பழையதை மாற்றியதாக எண்ணிக்கொண்டு புதிய ஒன்றைப் பிறப்பித்திருப்பார்.

சி ஷார்ப்பில் பிராப்பர்டி மொழியின் உறுப்பாகவே இருப்பதால், "பிராப்பர்டி இன்ஃபோ" வழியாக மாற்றினால் செட்டர் ஓடும், "ஃபீல்டு இன்ஃபோ" வழியாக மாற்றினால் ஓடாது. அங்கே கவனிக்க வேண்டியது ஸ்ட்ரக்ட், அதாவது நகலாகவே கைமாறும் வகை. "செட்வேல்யூ" மெத்தட் ஆப்ஜெக்டை எதிர்பார்ப்பதால் ஸ்ட்ரக்டின் நகல் ஒன்று பெட்டியில் இடப்பட்டு, அந்த நகல் மாற்றப்படும். உங்கள் மாறியில் பழைய மதிப்பே இருக்கும். முதலில் நீங்களே ஆப்ஜெக்ட் வகை மாறி ஒன்றில் இட்டு, மாற்றிய பின் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதல் "ரிஃப்ளெக்ட் செட்" உண்டு. ஆனால் 2022இல் தரப்படுத்தப்பட்ட, எண் குறியோடு தொடங்கும் பிரைவேட் ஃபீல்டுகளை அதனால் எட்டவே முடியாது.

சோதனை நிரலில் பிரைவேட் ஃபீல்டை மாற்றிச் சோதிக்கலாமா?

பழைய நிரலைத் திருத்தும் உரிமை உங்களுக்கு இல்லாதபோது செய்யலாம். சொந்த நிரலில் அதைத் தவிர்க்கச் சொல்வேன். அணையை 142 அடியில் நிறுத்தி எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்க, "நீர்மட்டத்தை மாற்று" மெத்தடையே அழைத்தால் போதும். ஃபீல்டை நேராக மாற்றினால் எச்சரிக்கை சேர்க்கும் வரியே ஓடாது, சோதனை எதையும் சோதித்திருக்காது. மேலும், யாரோ ஃபீல்டின் பெயரை மாற்றியதும் சோதனை உடையும். கம்பைலர் முன்கூட்டிச் சொல்லாது. ஆண்ட்ராய்டு செயலிகளில் வெளியீட்டின்போது பெயர்களைச் சுருக்கும் ஆர்8 போன்ற கருவிகளும் இதே காரணத்தால் ரிஃப்ளெக்ஷன் நிரல்களை உடைக்கின்றன. அந்த ஃபீல்டுகளைச் சுருக்காமல் விடச் சொல்லி விதி எழுத வேண்டும்.

தமிழில் ஃபீல்டு பெயர் வைத்தேன். "கொள்ளளவு" என்று கண்முன் இருக்கிறது; ஆனால் "நோ சச் ஃபீல்டு" வருகிறது. ஏன்?

ஜாவா தமிழ்ப் பெயர்களை முழுமையாக ஏற்கிறது. பிழை உங்கள் எழுத்துப் பிழையும் அல்ல. யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியீட்டைச் சேர்ப்பது ஒரு விதம். ககரத்தோடு எகரக் கொம்பையும் அதன்பின் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு விதம். கோ, கௌ ஆகியவற்றுக்கும் இப்படியே. திரையில் இரண்டும் ஒரே உருவாகத் தெரியும், யூனிகோடும் அவற்றைச் சமமானவை என்றே சொல்கிறது. ஆனால் ஜாவா பெயர்களை ஒப்பிடும்போது குறியீடுகளையே ஒப்பிடுகிறது. ஆகவே அவை அதற்கு வெவ்வேறு பெயர்கள். நிரலில் நீங்கள் தட்டச்சு செய்த பெயர் ஒரு விதமாகவும், வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய கோப்புத் தலைப்பு மற்றொரு விதமாகவும் அமைந்தால் தேடல் தோற்கும். "நீர்மட்டம்" கிடைத்து "கொள்ளளவு" மட்டும் கிடைக்காமல் போவதற்கு, முன்னதில் இத்தகைய எழுத்து இல்லை என்பதே காரணம்.

பைத்தானிலும் இது உண்டு, வேறு உருவில். நிரலில் எழுதிய பெயர்களைப் பைத்தான் தானே ஒரே வடிவுக்குக் கொண்டுவருகிறது. "செட்ஆட்டர்" ஃபங்ஷனுக்குச் சரமாகக் கொடுக்கும் பெயரை அப்படிச் செய்வதில்லை. அங்கே எக்ஸெப்ஷன்கூட வராமல், கொள்ளளவு என்ற பெயரில் இரண்டு மதிப்புகள் ஒரே ஆப்ஜெக்டில் இருக்கும்.

ஜாவாவில் "நார்மலைசர்" என்ற கிளாஸ் இருக்கிறது. "கெட் டிக்ளேர்டு ஃபீல்ட்ஸ்" வழியாக எல்லா ஃபீல்டுகளையும் பெற்று, ஒவ்வொன்றின் பெயரையும் கோப்பிலிருந்து வந்த பெயரையும் என்எஃப்சி என்ற ஒரே சீர் வடிவுக்கு மாற்றிய பின் ஒப்பிட்டால் கொள்ளளவு கிடைத்துவிடும். அந்தப் பட்டியல் எந்த வரிசையில் வரும் என்பதற்கு ஜாவா உறுதி தருவதில்லை; ஆகவே இத்தனையாவது ஃபீல்டு என்று எண்ணி எடுக்காமல், பெயரைக் கொண்டே தேடுங்கள்.